மைனஸ் 20 டிகிரியில் ஒரு பழைய பைப்பர் கப்

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டும் விழாது, வெயிலில் வைத்து எடுப்போம். அலாஸ்காவில் சின்ன விமானம் வைத்திருப்பவர்களுக்குக் குளிர்காலம் முழுக்க இதே வேலைதான், ஆனால் அங்கே வெயிலை நம்ப முடியாது. 1920-களில் ஃபேர்பேங்க்ஸ் பக்கம் பறந்த விமானிகள் தரையிறங்கியதும் எஞ்சின் ஆறுவதற்குள் எண்ணெயை டின்னில் வடித்து, ராத்திரி முழுக்க அடுப்போரம் வைத்துக்கொள்வார்கள். காலையில் எஞ்சினைச் சுற்றிக் கித்தானைப் போர்த்தி, அடியில் ஸ்டவ்வைப் பற்றவைத்து, தீப்பிடித்தால் அணைக்க ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அப்படியும் எரிந்துபோன விமானங்கள் உண்டு.

பைப்பர் ஜே-3 கப் இதற்குக் கொஞ்சம் பிந்தையது. 1947 வரை பென்சில்வேனியாவின் லாக் ஹேவனில் தயாரான மஞ்சள் நிற விமானம். இன்றும் நிறையப் பறக்கின்றன. பெரும்பாலானவற்றின் மூக்கில் 65 குதிரைத்திறன் கான்டினென்டல் எஞ்சின் இருக்கும். பேட்டரி, ஸ்டார்ட்டர் எதுவும் கிடையாது, ப்ரொப்பெல்லரைக் கையால் சுழற்றித்தான் கிளப்ப வேண்டும். நான்கு சிலிண்டர்களின் தலைகளும் வெளியே நீட்டிக்கொண்டு காற்றில் நிற்கும். கிட்டத்தட்ட 3.8 லிட்டர் எண்ணெய், எஞ்சினின் வயிற்றில் தொங்கும் தொட்டியில்.

குளிரில் எண்ணெய் கெட்டியாகும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்காகத்தான் குளிர்காலம் தொடங்கும்போதே மெல்லிய எண்ணெய்க்கு மாறிவிடுகிறார்கள். பலர் கவனிக்காதது உலோகத்தின் சங்கதி. எஞ்சினின் வெளிக்கூடு அலுமினியம், உள்ளே சுழலும் தண்டு எஃகு. எஃகைவிட அலுமினியம் ஏறத்தாழ இரண்டு மடங்கு சுருங்கும். கூட்டில் தண்டு சுழலும் துளை 50 மில்லிமீட்டர், வெப்பம் 50 டிகிரி இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால் தண்டுக்கும் துளைக்கும் நடுவே உள்ள இடைவெளி சுமார் 0.03 மில்லிமீட்டர் குறையும். தலைமுடியில் பாதிகூட இல்லையே என்று தோன்றும், ஆனால் தண்டைத் தாங்கும் பேரிங்கில் இருப்பதே ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். எண்ணெய் நகர மறுக்கும் அதே நேரத்தில் அது போக வேண்டிய சந்தும் இறுகிவிடுகிறது. மைனஸ் 7 டிகிரிக்குக் கீழே கிடந்த எஞ்சினைச் சூடேற்றாமல் கிளப்பாதே என்று கான்டினென்டல் சொல்வது இதனால்தான்.

சரி, சூடேற்றுவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பத்து நிமிடம் சிலிண்டர்கள் மேல் மட்டும் அனல்காற்றை அடித்தால் எஞ்சின் ஒரே சுற்றில் கிளம்பிவிடும், பார்க்கச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் தொட்டியில் எண்ணெய் தார் மாதிரி கிடக்கும், தண்டு இன்னும் சில்லிட்டிருக்கும். என்னைக் கேட்டால், கிளம்பாத எஞ்சினைவிட இப்படிக் கிளம்பிவிடும் எஞ்சின்தான் ஆபத்து. போர்வையைப் போர்த்தி, அடியிலிருந்து, நிதானமாக, மணிக்கணக்கில் சூடேற்ற வேண்டும். கிளம்பியதும் கண் எண்ணெய் அழுத்த முள் மேலேயே இருக்க வேண்டும், ஒரு நிமிடத்துக்குள் ஏறவில்லையென்றால் உடனே அணைத்துவிட வேண்டும்.

இன்னொரு வேடிக்கை, எஞ்சின் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுபோகும், அப்புறம் எத்தனை முறை சுழற்றினாலும் அசையாது. பெட்ரோல் எரிந்தால் நீராவி வரும். அந்த இரண்டு இருமலில் வந்த ஆவி, சில்லிட்ட ஸ்பார்க் பிளக்கின் முனையில் படிந்து உறைந்து, பொறி தாவ வேண்டிய இடைவெளியை அடைத்துவிடுகிறது. பிளக்கைக் கழற்றிச் சூடாக்கித் திரும்ப மாட்டுவதுதான் வழி, அதுவும் விறைத்த விரல்களோடு.

அதே நீராவி பறக்கும்போதும் விடாது. கொஞ்சம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எஞ்சினுக்குள் இறங்கி, உள்ளே சேரும் காற்றை வெளியே விடும் மூச்சுக்குழாய் வழியாக வெளியேறும். குழாயின் வாய் குளிர்காற்றில் நீட்டிக்கொண்டிருந்தால் அங்கே பனி கட்டி வாயை அடைத்துவிடும். உள்ளே அழுத்தம் ஏறி, ப்ரொப்பெல்லர் பக்கத்து சீல் பிதுங்கி, எண்ணெய் மொத்தமும் விமானத்தின் முன்கண்ணாடி மேல் வந்து அடிக்கலாம். இதற்குப் பரிகாரம் ரொம்ப எளிது. எஞ்சின் மூடிக்குள், வெதுவெதுப்பான இடத்தில், அந்தக் குழாயில் சின்னதாக ஒரு துளை. நுனி அடைபட்டாலும் மூச்சு அந்த வழியாகப் போய்விடும். குளிர்காலத்துக்கு முன் அந்தத் துளையில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று ஒரு கம்பியை விட்டுப் பார்த்துக்கொள்வார்கள்.