மழைக்காலக் கோழிக் கூண்டில் காற்றுக்கும் இடம் வேண்டும்

கார்த்திகை அடைமழை சற்றே ஓய்ந்திருந்த ஒரு காலையில், குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த ஓர் அம்மா, இறந்துபோன இரண்டு பெட்டைக்கோழிகளை உரச்சாக்கில் சுற்றி எடுத்துவந்து மருந்தக வாசலில் வைத்தார். "குளிரு தாங்காம செத்துப்போச்சுங்க டாக்டர். ஒரு பொட்டுக் காத்து உள்ள போவாம தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டித்தான் வச்சிருந்தேன்" என்றார். அறுத்துப் பார்த்தபோது மூச்சுக்குழாயில் சளி அடைத்திருந்தது. கண்ணாடி போல் இருக்க வேண்டிய காற்றறைகள் கலங்கிக் கிடந்தன. அந்தக் கோழிகளின் நோய்க்கு வழிவிட்டது குளிரைவிட, அவர் அக்கறையோடு கட்டிய அந்தத் தார்ப்பாய்தான் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே அவர் வீட்டுக்குப் போனேன்.

கடலூர், புதுச்சேரி கடலோரத்தில் மார்கழி, தை மாத இரவுகளில்கூட வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். வளர்ந்த கோழிக்கு மிகவும் ஒத்துப்போகும் வெப்பநிலை ஏறத்தாழ 18 முதல் 24 டிகிரி வரை என்பதால், நமக்குப் போர்வை தேவைப்படும் இரவு கோழிக்கு இதமான இரவாகவே கழியும். அதன் உடல் வெப்பம் 41 டிகிரியை ஒட்டியது. இறகுகளுக்கிடையே அது பிடித்துவைத்துக்கொள்ளும் காற்றுதான் அதன் கம்பளி. அந்த இறகு நனைந்துவிட்டாலோ, வாடைக்காற்று நேராக அடித்து அதைக் கலைத்துவிட்டாலோ கம்பளி போய்விடும். ஆகவே நம் ஊரில் கோழி நடுங்கினால், வெப்பமானியைப் பார்ப்பதற்கு முன் அதன் முதுகைத் தொட்டு ஈரமா என்று பாருங்கள். கழுத்தில் இறகில்லாத கோழிகளும் இறகு உதிர்க்கும் பருவத்தில் உள்ளவையும் மட்டும் மற்றவற்றைவிடச் சற்றுக் கூடுதலாகக் குளிரை உணரும்.

கொண்டையும் தாடையும் உறைந்து கருகிப்போவதைப் பற்றி இப்போது கைப்பேசியில் காணொளி பார்த்துவிட்டு என்னிடம் கேட்பவர்கள் உண்டு. அது பனிக்கட்டி உறையும் நாடுகளின் சிக்கல். ஆனால் அங்கும் கூண்டை முழுவதுமாக மூடுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்; கோழிகளின் மூச்சிலிருந்து வரும் ஈரம் வெளியேற வழியில்லாமல் கொண்டையில் படிந்து உறைவதே கேட்டை மிகுவிக்கும் என்பதால், கடுங்குளிரிலும் கூரைக்கடியில் திறப்பு விட்டே வைக்கிறார்கள்.

அந்த அம்மாவின் கூண்டுக்கு வருவோம். தார்ப்பாயின் முடிச்சை அவிழ்த்துக் குனிந்த உடனே கண் எரிந்தது. ஒரு கோழி நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 கிராம் எச்சமிடுகிறது என்றால், அதில் முக்கால் பங்கு நீர். எச்சத்தில் உள்ள யூரிக் அமிலத்தை நுண்ணுயிரிகள் சிதைக்கும்போது அம்மோனியா வாயு பிறக்கிறது. கூளம் காய்ந்திருந்தால் இந்த வேலை மெதுவாக நடக்கும், ஈரமாக இருந்தால் விரைந்து நடக்கும். இந்த வாயு கண்ணையும் மூச்சுக்குழாயின் உட்சுவரையும் அரிக்கிறது. தூசியையும் கிருமிகளையும் வெளியே தள்ளும் நுண்ணிய மயிரிழைகள் செயலிழந்துவிடுவதால், சாதாரணச் சளி மூச்சிரைப்பு நோயாக முற்றுகிறது. நாம் நின்றுகொண்டு முகர்ந்தால் நாற்றம் தெரியாமல் போகலாம். கோழியின் தலை இருக்கும் உயரத்துக்கு உட்கார்ந்து, விடியற்காலையில் கூண்டைத் திறந்தவுடன் முகர்ந்து பாருங்கள். உங்கள் கண்ணும் மூக்கும் எரிந்தால், கோழிகள் இரவு முழுவதும் அதைத்தான் சுவாசித்திருக்கின்றன.

தார்ப்பாயைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. வடகிழக்குப் பருவமழையின் சாரல் நமக்குக் கடல் பக்கமிருந்தே வருவதால், வடக்கிலும் கிழக்கிலும் கோழி உட்காரும் உயரம் வரை நன்றாக மறைத்துக்கொள்ளலாம். ஆனால் கூரைக்கும் மறைப்புக்கும் இடையே, கோழியின் தலைக்கு மேலே, எதிரெதிர்ப் பக்கங்களில் அரையடி இடைவெளி கண்டிப்பாக இருக்க வேண்டும். கூரை முன்னால் ஒன்றரையடி நீண்டிருந்தால் அந்த இடைவெளி வழியாகச் சாரல் வராது. திண்ணைக்கடியில் அடைக்கும் பழக்கமுள்ள வீடுகளில் ஒரு பக்கம் மட்டுமே வாசல் இருக்கும். அங்கே இரவு அடைக்கும் எண்ணிக்கையைக் குறைப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. உட்காருவதற்குச் சவுக்குக் கம்புகளைக் குறுக்கே கட்டிவிடுங்கள். கம்பில் அமர்ந்த கோழி வயிற்று இறகால் விரல்களைப் போர்த்திக்கொள்ளும். ஈரத் தரையையும் தொடாது.

தரைக்குப் பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்தில் எளிதாகக் கிடைக்கும் கடலைத் தோலோ, நெல் உமியோ மூன்று அங்குலம் பரப்பினால் போதும். ஒரு கைப்பிடி கூளத்தை அள்ளி இறுக்கிப் பிடித்து விடுங்கள். உதிர்ந்தால் நல்லது, உருண்டையாகவே நின்றால் ஈரம் மிகுந்துவிட்டது, அந்தப் பகுதியை அள்ளிவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். தண்ணீர்த் தட்டைச் சுற்றித்தான் எப்போதும் முதலில் கட்டிபிடிக்கும். ஈரக் கூளத்தில்தான் இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் ஒட்டுண்ணியின் முட்டைகளும் வீரியம் பெறுகின்றன. தீவனத்தைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்று: பூசணம் பிடித்த மக்காச்சோளத்தையும் கடலைப் பிண்ணாக்கையும் "கோழிக்குத்தானே" என்று போடாதீர்கள். அதிலுள்ள அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு, வேகவைத்தாலும் போகாது, கல்லீரலைக் கெடுக்கும்.

இனி குஞ்சுகள். மேலே சொன்ன துணிச்சலெல்லாம் வளர்ந்த கோழிக்குத்தான். பஞ்சு போன்ற தூவியுடன் இருக்கும் குஞ்சுக்குத் தன் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. தாய்க்கோழியுடன் இருந்தால் அது சிறகுக்குள் பார்த்துக்கொள்ளும். தாயின்றி வாங்கிவந்த குஞ்சுகளுக்கு முதல் வாரம் 35 டிகிரி வெப்பம் தேவை. பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்துக்கொள்ளலாம். இங்கே சில ஆண்டுகளாக நான் அடிக்கடி காணும் தவறு எல்இடி விளக்கு. முன்பு 60 வாட் குண்டு பல்பைத் தொங்கவிட்டார்கள்; அது வெளிச்சத்தைவிட வெப்பத்தையே மிகுதியாகத் தந்தது. இப்போது அதே இடத்தில் 9 வாட் எல்இடியை மாட்டிவிட்டு, வெளிச்சம் பளிச்சென்று இருப்பதால் சூடும் இருக்கும் என்று நம்பிவிடுகிறார்கள். காலையில் குஞ்சுகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கிக் கிடக்கும். விளக்கடியில் குவிந்து கத்தினால் சூடு போதவில்லை. விளிம்புக்கு ஓடி வாய் திறந்து இரைத்தால் மிகுதி. பரவலாகத் தின்றும் தூங்கியும் கிடந்தால் சரி. ஒயர் இணைப்பு மழையில் நனையாமலும் பல்பு உமியில் விழாமலும் சங்கிலியால் கட்டுங்கள்.

மழை கார்த்திகையோடு முடிந்துவிடும் என்று எண்ணிக் கூண்டைத் தரையிலேயே விட்டுவைப்பவர்களுக்கு, தானே புயல் கடலூரைத் தாக்கியது 2011 டிசம்பர் 30, அதாவது நடு மார்கழி என்பதை நினைவூட்டுகிறேன். 2024 ஃபெஞ்சலுக்குப் பிறகு தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது, பூட்டிய கூண்டுக்குள்ளேயே கோழிகள் மூழ்கிய வீடுகளைப் பார்த்தேன். தாழ்வான தெருக்களில் கூண்டைக் கால்கள் வைத்து மூன்றடி உயர்த்துவது வீண்செலவு ஆகாது.

முட்டை குறைவதைக் குளிரின் மேல் போடுவதும் பொதுவான வழக்கம். முட்டையிடுதலைத் தூண்டுவது பெரிதும் பகல் வெளிச்சம். டிசம்பரில் நமக்குப் பகல் ஜூன் மாதத்தைவிட ஒன்றேகால் மணிநேரத்துக்கு மேல் குறைவு. இறகு உதிர்ப்பும் சேர்ந்துகொண்டால் முட்டை குறையத்தான் செய்யும். நோய் என்று எண்ணி மருந்து வாங்க வேண்டாம்.

நோய் என்று உண்மையிலேயே அஞ்ச வேண்டியது வெள்ளைக் கழிச்சலுக்குத்தான். இராணிக்கெட் என்று பெயர் பெற்ற இந்த நச்சுயிரி நோய் கூண்டையே துடைத்துவிடும், வந்தபின் மருந்தில்லை. மஞ்சள், சீரகம், கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பதை நான் தடுப்பதில்லை, ஆனால் அதைத் தடுப்பூசிக்கு ஈடாகக் கொள்ளக் கூடாது. குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், எட்டாம் வாரத்தில் ஊசியும் போட வேண்டும். மருந்தைப் பனிக்கட்டியில் வைத்தே எடுத்துச் செல்ல வேண்டும். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெயிலில் வண்டியோட்டி வந்தால் வீட்டுக்கு வந்து சேர்வது வெறும் தண்ணீர்தான். தமிழகத்தில் கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரியில் நடத்தும் இருவார முகாமுக்கு ஒரு வாரம் முன்பே குடற்புழு நீக்க மருந்து கொடுத்துவிடுங்கள். முகாம் நாளன்று காலையில் மட்டும், நாங்கள் வந்துசேரும்வரை, தயவுசெய்து கூண்டைத் திறக்காதீர்கள். முந்திரித் தோப்புக்குள் ஓடிய சேவலைப் பிடிக்கும் கலையை எங்களுக்கு யாரும் கல்லூரியில் கற்றுத்தரவில்லை.