‘இடப்பெயர்ச்சி’யும் என்ஜினும்

குருப்பெயர்ச்சி தெரியும், சனிப்பெயர்ச்சி தெரியும். என்ஜினுக்கு ஏது பெயர்ச்சி? “848 கன செ.மீ. இடப்பெயர்ச்சி கொண்ட என்ஜின்” என்று மினி காரைப் பற்றிய மொழிபெயர்ப்பில் இன்னொருமுறை படித்துவிட்டேன்.

ஆங்கிலத்தில் டிஸ்பிளேஸ்மென்ட். இடத்தைவிட்டு அகற்றுவது என்பது பழைய பிரெஞ்சு வழிவந்த வேர்ப்பொருள். கப்பல் விலக்கும் நீரின் அளவுக்கும் அதே சொல்தான். என்ஜினில், பிஸ்டன் மேல்முனையிலிருந்து கீழ்முனைக்குப் போகையில் கடக்கும் கன அளவைச் சிலிண்டர்களின் எண்ணிக்கையால் பெருக்கினால் கிடைப்பது.

பள்ளி இயற்பியலில் இடப்பெயர்ச்சி மீட்டரில் அளப்பது. தொடங்கிய புள்ளிக்கும் முடிந்த புள்ளிக்கும் இடையிலான நேர்தொலைவு. பிஸ்டன் கீழே போய்த் திரும்பவும் மேலே வந்துவிட்டால் அந்தக் கணக்கில் இடப்பெயர்ச்சி சுழியம்! பிறகு 848 எங்கிருந்து வந்தது என்று மாணவன் கேட்டால் மொழிபெயர்ப்பாளர் என்ன சொல்வார்?

‘கொள்ளளவு’ அவ்வளவு மோசமில்லை. ஆனால் அது அணைக்கும் அண்டாவுக்கும் உரிய சொல். பிஸ்டனுக்கு மேலே எஞ்சும் எரி அறையும் அதில் அடங்கிவிடும். 848இல் அது சேராது.

‘வீச்சுக் கன அளவு’ என்பதே என் கட்சி. பேசு, பேச்சு போல வீசு, வீச்சு. பிஸ்டன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகும் ஓட்டம், ஆங்கிலத்தில் ஸ்ட்ரோக். ‘நான்கு வீச்சு என்ஜின்’ என்று பாடநூல்கள் எழுதுகின்றன. புதிதாக எதையும் படைக்க வேண்டியதில்லை. இயற்பியலில் அலைவீச்சு வேறு பொருளில் வருகிறதே என்பார்கள். ‘அலை’ முன்னால் நிற்கும்போது குழப்பம் எதற்கு?

பிரிட்டனின் ஏ-சீரிஸ் நான்கு சிலிண்டர் என்ஜினையே பாருங்கள். 1951இல் ஆஸ்டின் ஏ30 காரில் 803 கன செ.மீ. அளவில் வந்தது, பின்னர் 948 ஆக வளர்ந்தது. 1959இல் மினிக்கு அது தேவைக்கு மிஞ்சிய வேகம் தந்ததால் சிலிண்டரின் 62.9 மி.மீ. விட்டத்தைத் தொடாமல், வீச்சை மட்டும் 76.2 மி.மீ.யிலிருந்து 68.3 ஆகக் குறைத்தார்கள். 948, 848 ஆயிற்று. வீச்சு குறைந்தது, வீச்சுக் கன அளவு குறைந்தது. இதற்கு உரை வேண்டுமா? இதே குடும்பம் பிற்பாடு 1275 வரை போய், 2000இல் பழைய மினியோடு ஓய்ந்தது.

அதில் ஏதாவது இடம்பெயர்ந்தது என்றால், மினியை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் அதில் என்ஜினைக் குறுக்காகத் திருப்பி வைத்தாரே, அதுதான். அகராதியில் முதலில் கண்ணில்பட்ட சொல்லைப் பெயர்த்து வைப்பவர்கள் பானெட்டை ஒருமுறை திறந்து பார்க்கலாம். இல்லையென்றால் மெக்கானிக் சொல்வதுபோல ‘சிசி’ என்றே எழுதட்டும், எனக்கு மறுப்பில்லை.