ஊசி நாளும் ஒரு பேரும்

"இடுப்புக் கடுப்புங்க மிஸ்" என்றுதான் நான் தாதியாக இருக்கும் யூரோலொஜி (சிறுநீர் நோய்) கிளினிக்குக்கு வரும் ஆண்கள் பலர் தொடங்குவார்கள். அதற்கு மேல் வாய் திறக்கமாட்டார்கள். பக்கத்தில் நிற்கும் மனைவிதான், "ராத்திரிக்கு நாலு வாட்டி எந்திரிக்கிறாருங்க" என்று மிச்சத்தைச் சொல்வார். தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் கக்கூஸ் வெளியே இருந்தால், மார்கழிக் குளிரில் ஒவ்வொரு தடவையும் கதவு திறக்கும் சத்தம் அவருக்குத்தானே கேட்கும்.

இரவில் சிறுநீருக்கு அடிக்கடி எழுந்தால் அது புரஸ்டேட் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் இந்தப் புரஸ்டேட் சுரப்பி வயதோடு பெருப்பதுதான் வழக்கமான காரணம். ஆரம்பக் கட்டப் புற்றுநோயோ பெரும்பாலும் எதையும் காட்டாது. அதனால் 50 தாண்டியவர்களிடம், அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்த நோய் இருந்ததா என்று தோண்டித் தோண்டிக் கேட்பேன். இருந்தால் இவருக்கும் ஆபத்து அதிகம். அண்மையில் சிறுநீரில் கிருமித் தொற்று வந்ததா என்றும் கேட்பேன். தொற்று ஆறி ஆறு வாரமாவது போகாமல் புரஸ்டேட்டைப் பற்றிச் சொல்லும் பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனை செய்தால், எண் பொய்யாக ஏறி நிற்கக்கூடும். மனிதர் பயத்திலேயே பாதியாகிவிடுவார்.

என் வேலையில் பெரும்பகுதி நோய் உறுதியான பிறகுதான் வருகிறது.

58 வயதுத் தோட்டத் தொழிலாளி ஒருவர். நோய் எலும்புக்குப் பரவியிருந்தது. நோய்க்குத் தீனியாகும் ஆண் ஹார்மோனை அடக்கும் ஊசி, 28 நாளுக்கு ஒன்று. முதல் ஊசி போட்டதும் ஹார்மோன் கொஞ்ச நாள் ஏறிவிட்டுத்தான் இறங்கும். அந்த ஏற்றத்தைத் தடுக்கக் குளிசையும் கொடுப்பார்கள். மூன்று ஊசிக்குள் பி.எஸ்.ஏ. சரசரவென்று இறங்கியது, வலியும் போனது. நாலாவது ஊசிக்கு ஆள் வரவில்லை.

கேட்டால், "கிளினிக் வந்தா ஒரு பேர் போயிடுதுங்க மிஸ். இப்பதான் சொகமாயிடுச்சே." சரி, ஒரு நாள் சம்பளம் அவருக்குச் சின்ன விஷயமா? திட்டி என்ன பயன்? நோய் போகவில்லை, தீனி இல்லாமல் படுத்திருக்கிறது, ஊசி நின்றால் எழும்பிவிடும் என்றேன். அப்புறம் மனைவி மெதுவாக இன்னொன்றைச் சொன்னார். நுவரெலியாக் குளிரில் நடுராத்திரி சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வியர்த்துக் கொட்டுகிறாராம். காய்ச்சல் என்று நினைத்துப் பெனடோல் கொடுத்தாராம். அது ஊசியின் விளைவு. தாம்பத்திய ஆசை குறைவதும், எரிந்து விழுவதும் அப்படித்தான். முதல் ஊசி போட்ட இடத்தில் யாரும் இதைச் சொல்லவில்லை. கிளினிக் கொப்பியில் எழுதியிருந்ததை வாசிக்க வீட்டில் ஆளில்லை. அவர் சண்டைக்காரனாக மாறிவிட்டார் என்று வீடே நினைத்திருந்தது.

சிறுநீர் போகக் குழாய் போட்டவர்கள் கதை வேறு. ஹட்டனிலிருந்து கண்டிக்கு பஸ்ஸில் வந்த ஒருவர், யாரும் பார்க்கக்கூடாதென்று குழாயிலிருந்து சிறுநீர் சேரும் பையை சுவெட்டருக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டே வந்தார். அந்தப் பை எப்போதும் உடம்புக்குள் இருக்கும் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கவேண்டும், இல்லையென்றால் சிறுநீர் திரும்பி ஏறித் தொற்று வரும். காலில் கட்டும் பையைச் சாரத்துக்குள் மறைத்துக் காட்டியதும்தான் முகம் தெளிந்தது.

ஒன்றை மட்டும் வீட்டாரிடம் இரண்டு தடவை சொல்வேன். நோய் எலும்புக்குப் போனவருக்குக் கால் மரத்தாலோ, நடை தள்ளாடினாலோ, சிறுநீரோ மலமோ கட்டுப்படாமல் போனாலோ, முதுகுத்தண்டு நசுங்குகிறது என்று அர்த்தமாகலாம். தைலம் தேய்த்துக்கொண்டு காலைவரை காத்திருக்கக்கூடாது. அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்கு வரவேண்டும்.

அந்த 58 வயதுக்காரருக்கு, டொக்டரிடம் பேசி 12 வாரத்துக்கு ஒரு முறை போடும் ஊசியாக மாற்றினோம். போன தடவை கலண்டரோடு வந்தார். தேதியை எண்ணிப் பார்த்து, "போயா லீவு நாள்ல விழாதே மிஸ்?" என்றார்.