இலையில் ஓட்டை விழுந்தால்தான் பட்டாம்பூச்சி

சிங்கப்பூரில் தோட்டம் அமைத்துத் தரும் வேலையில் எனக்கு அடிக்கடி வரும் கோரிக்கை: "பட்டாம்பூச்சி வரணும், குருவி வரணும், புழு மட்டும் வேண்டாம்." புழு இல்லாமல் பட்டாம்பூச்சி எங்கிருந்து வரும்? கறிவேப்பிலைத் தொட்டி வைத்திருப்பவர்கள் பார்த்திருப்பார்கள், பறவை எச்சம் மாதிரி கறுப்பும் வெள்ளையுமாக இலைமேல் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும், கொஞ்ச நாளில் அதுவே பச்சையாகிக் கொழுத்து ஒரு கொத்தையே மொட்டையடித்துவிடும். அந்தப் புழுவைக் கிள்ளி எறிந்துவிட்டுத்தான் பட்டாம்பூச்சியைத் தேடுகிறோம்.

அதனால் மரம் வாங்கும்போது அதன் இலையை யார் தின்பார்கள், பழம் யாருக்கு என்று முதலில் கேளுங்கள். பூ அழகெல்லாம் அப்புறம். வாசலில் பலர் ஆசையாக வைக்கும் ஃபிராஞ்சிபானி மத்திய அமெரிக்கப் பக்கத்து மரம், வாசனை உண்டு, பூவில் தேன் கிடையாது. இந்த மண்ணுக்கே உரிய காட்டு இலவங்க மரத்தை வைத்துப் பாருங்கள். இளஞ்சிவப்பாகத் துளிர்விடும், அந்தத் துளிரைத் தேடி கறுப்புச் சிறகில் நீலப்பச்சைப் பட்டை போட்ட பட்டாம்பூச்சி முட்டையிட வரும், பழத்துக்குப் பறவைகள் வரும். புன்னை, புங்கை, பூவரசு மூன்றும் இந்தியாவிலிருந்து வந்தவை என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள், சிங்கப்பூர்க் கடற்கரையிலும் அவை இயல்பாக வளர்பவைதான்.

வேலிக்கு எல்லாரும் நடும் ரெட் லிப்பும் இந்நாட்டுச் செடியே. ஆனால் மாதாமாதம் கத்தரித்துச் சுவர் மாதிரி வைத்திருந்தால் சிவப்புத் துளிர் மட்டும்தான் மிஞ்சும், பூவும் வராது, பழமும் வராது. ஒரு மூலையிலாவது ஒன்றிரண்டை வெட்டாமல் மரமாக வளர விடுங்கள், வெள்ளைப் பூவுக்குத் தேனீக்களும் கறுத்த பழத்துக்குப் பறவைகளும் வரும்.

ஐந்து வெள்ளி நோட்டில் இருக்கும் பூமலைத் தாவரவியல் தோட்டத்துத் தெம்புசு மரத்தின் மேல் ஆசை வரலாம். 30 மீட்டர் தாண்டி வளரக்கூடியது, வரிசை வீட்டுத் தோட்டத்துக்கு வேண்டவே வேண்டாம். ஆல், அத்தி வகைகளும் அப்படியே, வேர் வடிகாலைத் தேடிப் போகும். பழ மரத்தைக் கார் நிறுத்தும் இடத்திலிருந்து தள்ளி வையுங்கள், பழந்தின்னி வௌவால்கள் பழத்தைக் கொண்டுவந்து கூரைக்கடியில் தொங்கித் தின்னும், சுவரெல்லாம் கறை, அப்புறம் எனக்குத்தான் போன். இருக்கும் பழைய மரத்தை வெட்டப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். அரசு குறித்திருக்கும் மரப் பாதுகாப்பு வட்டாரத்தில் சுற்றளவு 1 மீட்டருக்கு மேல் இருந்தால், அது உங்கள் சொந்த நிலமே ஆனாலும், தேசியப் பூங்காக் கழக அனுமதி வேண்டும்.

வீவக அடுக்குமாடி வீடா? வெயில் படும் காரிடார் என்றால் தொட்டியில் செண்டுடோக் செடி வைக்கலாம். ஊதாப் பூ, பழம் வெடித்தால் உள்ளே கருநீலச் சதை, அதைக் கொத்தப் பூங்கொத்திக் குருவி வரும். நடக்க 1.2 மீட்டர் வழி விடுங்கள், தட்டில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள். வாங்கும்போது நர்சரியில் மருந்து அடித்திருக்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள், அடித்த செடியில் புழு பிழைக்காது.