தனிச்சாவி இடம் மாறக் கூடாது: எஸ்எஸ்எச் உள்நுழைவு இயங்கும் விதம்

1995-இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கை ஒட்டுக்கேட்டு யாரோ பாஸ்வேர்டுகளைத் திருடினார்கள். தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையப் பயன்பட்ட டெல்நெட்டில் பாஸ்வேர்டு எந்த மறைப்பும் இன்றிப் போய்க்கொண்டிருந்த காலம் அது. அந்தத் திருட்டைப் பார்த்து, அங்கே ஆய்வாளராக இருந்த டாட்டு யூலோனென் எழுதியதுதான், அதே வேலையை மறையாக்கத்துடன் செய்யும் எஸ்எஸ்எச் (SSH).

எஸ்எஸ்எச்சில் பாஸ்வேர்டு மறையாக்கப்பட்டே போகும். ஆனாலும் சர்வரைச் சேர்ந்ததும் அது வெளிப்பட்டே ஆக வேண்டும். சர்வரை ஒருவன் கைப்பற்றியிருந்தால் பாஸ்வேர்டும் அவன் வசம். இதற்கு மாற்றான சாவிமுறையில் ஒரு ஜோடிச் சாவிகள்: உங்களிடமே இருக்கும் தனிச்சாவி, சர்வரில் வைக்கும் பொதுச்சாவி. ரகசியமான தனிச்சாவி உங்கள் கணினியை விட்டு நகர்வதே இல்லை. இரு தரப்பும் சேர்ந்து கணக்கிட்ட, அந்த இணைப்புக்கே உரிய அமர்வு அடையாளத்தின் மீது உங்கள் கணினி தனிச்சாவியால் கையொப்பமிடும். சர்வர் தன்னிடமுள்ள பொதுச்சாவியால் அதைச் சரிபார்க்கும். அந்தக் கையொப்பம் வேறு இணைப்பில் செல்லுபடியாகாது.

ஆகவே ஒவ்வொரு கணினியிலும் புதிதாக ஒரு சாவி உருவாக்குங்கள். ஒரே தனிச்சாவியை நகலெடுத்துப் பரப்பாதீர்கள். லேப்டாப் தொலைந்தால் சர்வர்களில் அதன் பொதுச்சாவி உள்ள ஒரு வரியை மட்டும் அழித்தால் போதும். இன்று தேர்வு செய்ய வேண்டிய வகை இடி25519 (Ed25519). பொதுச்சாவி வெறும் 32 பைட். தனிச்சாவிக்கு பாஸ்ஃப்ரேஸ் (சாவிக் கோப்பைப் பூட்டும் ரகசியச் சொற்றொடர்) அவசியம். அதைத் திரும்பத் திரும்ப அடிக்கும் தொல்லையை, திறந்த சாவியை நினைவில் வைத்திருக்கும் ஏஜென்ட் என்ற நிரல் தீர்த்துவிடும்.

எல்லாம் செய்தும் சர்வர் பாஸ்வேர்டே கேட்கிறதா? பெரும்பாலும் கோப்பு அனுமதிதான் காரணம். சர்வரிலுள்ள உங்கள் எஸ்எஸ்எச் ஃபோல்டருக்கு 700, பொதுச்சாவிகள் உள்ள கோப்புக்கு 600 என்ற அனுமதி (உங்களுக்கு மட்டுமே அணுகல்) கொடுங்கள். பலர் கவனிக்காதது ஹோம் டைரக்டரி: அதில் பிறர் எழுத முடிந்தால், ஃபோல்டரையே மாற்றி வைத்துத் தன் சாவியைச் சேர்த்துவிடலாம். அதனால்தான் சர்வர் உங்கள் சாவியை ஏற்க மறுக்கிறது. காரணம் சர்வர் லாகில் இருக்கும், உங்கள் திரையில் வராது.

ஏஜென்டில் பத்துச் சாவி இருந்தால் வேறொரு சிக்கல். அது ஒவ்வொன்றாக நீட்டும். சர்வரின் இயல்பான வரம்பு 6 முயற்சி. சரியான சாவியின் முறை வருவதற்குள் இணைப்பு அறுந்துவிடும். எந்தச் சர்வருக்கு எந்தச் சாவி என்று உங்கள் கணினியின் எஸ்எஸ்எச் கான்ஃபிக் கோப்பில் குறித்து, அதை மட்டுமே நீட்டச் சொல்லுங்கள்.

சர்வரில் பாஸ்வேர்டு உள்நுழைவை நிறுத்துவது கடைசி வேலை. திறந்திருக்கும் அமர்வை மூடாமல், இன்னொரு விண்டோவில் சாவியால் நுழைந்து பாருங்கள். பிறகு பாஸ்வேர்டு உண்மையிலேயே நின்றதா என்றும் சோதியுங்கள். உபுண்டு கிளவுட் சர்வர்களில் எஸ்எஸ்எச் சர்வரின் பிரதான கான்ஃபிக் கோப்பின் தொடக்கத்திலேயே துணைக் கோப்புகள் சேர்க்கப்படுகின்றன. முதலில் வரும் மதிப்பே செல்லும் என்பதால், கிளவுட்-இனிட் (சர்வரை முதன்முதலில் அமைக்கும் நிரல்) எழுதிய துணைக் கோப்பில் பாஸ்வேர்டு உள்நுழைவுக்கு ‘யெஸ்’ இருந்தால் கீழே நீங்கள் எழுதிய ‘நோ’ பலிக்காது.