பூனை நகம் உள்ளே போவதில்லை, வெளியே வருகிறது

சோபா ஓரத்தில் பிறை வடிவில் ஒரு நகம் கிடக்கிறது. எடுத்துப் பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை, வெறும் கூடு. பூனைக்கு நகம் பிடுங்கிக்கொண்டதோ என்று பதறுபவர்கள் உண்டு. பிடுங்கவில்லை, உரிந்திருக்கிறது. கூம்பின் மேல் கூம்பைக் கவிழ்த்தாற்போல அடுக்கடுக்காக வளர்வது பூனை நகம். மேல் அடுக்கு பழசானதும் கழன்று விழும். அடியில் ஊசிபோல் அடுத்தது தயாராக இருக்கும். முன்னங்கால்களில் இந்தப் பழைய உறையைக் கழற்றவும்தான் பூனை பிறாண்டுகிறது, கூடவே தன் வாசனையையும் அங்கே பதித்துவிடுகிறது. பின்னங்கால் நகங்களுக்குப் பல்லே போதும்.

இதை அதுவே பார்த்துக்கொள்ளும் என்றால் நாம் ஏன் வெட்ட வேண்டும்? திரைச்சீலையிலும் கம்பளத்திலும் மாட்டிக்கொண்டு நகம் கிழிவதைத் தவிர்க்க. வயதான பூனை என்றால் காரணம் இன்னும் வலுவானது. அதைக் கடைசியில் பார்ப்போம்.

நகத்தைப் பூனை 'உள்ளே இழுத்துக்கொள்கிறது' என்றுதான் நாம் சொல்கிறோம். உண்மை தலைகீழ். உள்ளே இருப்பதற்கு அது எந்த முயற்சியும் செய்வதில்லை. நம் நகம் விரல் நுனியின் மேல் ஒட்டிய தகடு; பூனையின் நகமோ விரலின் கடைசி எலும்புக்கே மாட்டிய தொப்பி. எலும்பு அசைந்தால்தான் நகம் அசையும். அந்த எலும்பை ரப்பர்போல மீளும் நார்கள் எப்போதும் மேலும் பின்னுமாக இழுத்து வைத்திருக்கின்றன. மடங்கி வரும் எலும்புக்கு இடம் வேண்டுமே? அதற்காக அடுத்துள்ள நடு எலும்பின் வெளிப்பக்கம் குடைந்தெடுத்தாற்போல் ஒடுங்கியிருக்கிறது. கடைசி எலும்பு அதன் பக்கவாட்டில், பேனாக்கத்தி பிடிக்குள் மடங்குவதுபோல, படுத்துக்கொள்கிறது. முன்கையிலுள்ள தசை சுருங்கி, விரலடியில் ஓடும் தசைநாணை இழுக்கும்போது மட்டும் எலும்பு முன்னே சுழன்று நகம் நீளும். தூங்கும் பூனையின் பாதம் பஞ்சாக இருப்பதும், நடக்கும்போது நகம் தரையில் தேயாமல் கூர்மை காப்பதும் இதனால்தான்.

நகத்தை நிரந்தரமாக நீக்கும் அறுவை சிகிச்சை ஏன் கொடுமை என்பதும் இங்கேயே விளங்கும். நகம் மட்டும் தனியே வராது. கடைசி எலும்பையே மூட்டோடு வெட்ட வேண்டும். இஸ்ரேல் 2011-இலும், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம் 2019-இலும் இதைத் தடை செய்தன. சோபாவுக்காகப் பத்து விரல் நுனிகளைப் பலி கொடுப்பதை மருத்துவம் என்று அழைக்க மனம் வரவில்லை.

நகம் வெட்டும்போது அந்தத் தசைநாணின் வேலையை நம் விரல்கள் செய்கின்றன. விரலின் மேல் கட்டைவிரல், அடியிலுள்ள மெத்தையில் ஆள்காட்டி விரல். மெல்ல அழுத்தினால் நகம் நீண்டு வரும். பலம் தேவையே இல்லை. பூனை பயந்து விறைத்துவிட்டால் அதன் தசை ஒரு பக்கம், நம் விரல் ஒரு பக்கம் என்று இழுபறிதான். சாப்பிட்டுக் கண் சொருகும் நேரம் நல்லது.

முதல் ஒரு வாரம் வெட்டவே வேண்டாம். பாதத்தைத் தொடுங்கள், தின்பண்டம். ஒரு நகத்தை அழுத்தி நீட்டுங்கள், தின்பண்டம். நகவெட்டியைப் பக்கத்தில் வைத்துச் சும்மா 'க்ளிக்' என்று அழுத்துங்கள், மறுபடி தின்பண்டம். பிறகு நாளுக்கு இரண்டு நகம் போதும். முன்கால்களில் ஐந்தைந்து, பின்கால்களில் நான்கு நான்கு, ஆக 18. ஒரே நாளில் முடித்தாக வேண்டிய அவசரம் என்ன? வால் படபடத்தாலோ, காது பக்கவாட்டில் சாய்ந்தாலோ, முதுகுத் தோல் துடித்தாலோ விட்டுவிடுங்கள். பிடரியைப் பிடித்துத் தூக்கினால் அடங்கிவிடும் என்பது வெறும் நம்பிக்கை. தாய் கவ்வும்போது துவள்வது குட்டியின் இயல்பு. வளர்ந்த பூனை அசையாமல் இருந்தால் அது பயம்.

வெளிர் நகத்தின் வேரிலிருந்து உள்ளே ஒரு இளஞ்சிவப்பு முக்கோணம் தெரியும். ரத்தமும் நரம்பும் உள்ள உயிர்ப்பகுதி அது. அதிலிருந்து குறைந்தது 2 மி.மீ. தள்ளி, வளைந்த கொக்கி நுனியை மட்டும் நறுக்குங்கள். கருத்த நகமானால் பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். அப்போதும் தெரியாவிட்டால் நுனியில் 1 மி.மீ.யோடு நிறுத்துங்கள்.

பூனை நகம் பக்கவாட்டில் தட்டையானது. கத்தியின் இரு அலகும் நகத்தின் மேலும் கீழும் வர வேண்டும். பக்கங்களிலிருந்து நெரித்தால் அந்த அடுக்குகள் பிளந்து சிம்பு சிம்பாகிவிடும். மொட்டைக் கத்தியும் அதையே செய்யும், வெட்டாமல் நசுக்கும்.

தவறி ரத்தம் வந்தால் துடைத்துக்கொண்டே இருக்காதீர்கள், உறைவது கலைந்துவிடும். ரத்தம் நிறுத்தும் பொடியையோ, இல்லாவிட்டால் கார்ன்ஃப்ளவரையோ நகத்தில் அப்பி இரண்டு மூன்று நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பத்து நிமிடத்துக்குப் பிறகும் கசிந்தால் மருத்துவரிடம் போக வேண்டியதுதான்.

பொதுவாக இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெட்டினால் போதும். முன்காலின் உள்பக்கத்தில், கட்டைவிரல் இடத்தில் ஒன்று தனியாக நிற்கும். முடிக்குள் ஒளிந்திருப்பதால் பலர் தவறவிடுவது அதைத்தான். அது தரையைத் தொடுவதே இல்லை. வயதான பூனை பிறாண்டுவதையும் குறைத்துவிடுவதால் பழைய உறைகள் கழலாமல் தடித்து, வட்டமாக வளைந்து, பாத மெத்தைக்குள்ளேயே குத்திவிடும். அப்படிக் குத்தியிருப்பதைக் கண்டால் வீட்டில் பிடுங்க முயல வேண்டாம். வெட்டி எடுத்துப் புண்ணுக்கு மருந்திடுவது கால்நடை மருத்துவரின் வேலை.