ழுபே: மன்றாட்டின் முதற்சொல் மேடைக்குப் பெயரான கதை

பழைய பிரெஞ்சுப் பங்குக் கோயில் (ஒரு வட்டாரக் கத்தோலிக்கருக்கான கோயில்) ஒன்றின் வரலாற்றைத் தமிழாக்கும்போது 'ழுபே' என்ற சொல் வந்து நிற்கும். 'திரைச்சுவர்' என்று எழுதிவிட்டு நகரத்தான் கை போகும். ஆனால் சுவர், தடுப்பு என்ற பொருள் அந்தச் சொல்லில் துளியும் இல்லை.

ழுபே என்பது, மக்கள் கூடும் நடுக்கூடத்தையும் குருக்கள் அமர்ந்து செபம் பாடும் பீடப்பகுதியையும் பிரித்துக் குறுக்கே நிற்கும் கட்டுமானம். பெரும்பாலும் கல், பிரான்சின் மேற்கிலுள்ள பிரத்தான் பகுதியில் மரத்திலும் உண்டு. கீழே வளைவுகள், வழக்கமாக மூன்று. நடு வளைவு பீடப்பகுதிக்குப் போகும் வாசல். பக்க வளைவுகளை ஒட்டி, மக்கள் பக்கம் பார்த்தபடி சிறு பீடங்கள் இருந்ததுண்டு. வளைவுகளின் மேல், ஆள் நடமாடும் அகலத்துக்கு ஒரு தளம். அதன் விளிம்பில் கைப்பிடிச் சுவர். ஏறி இறங்கப் படிக்கட்டு. எல்லாவற்றுக்கும் மேலே சிலுவையில் இயேசு, ஒரு பக்கம் மரியா, மறு பக்கம் யோவான். இந்த உறுப்புகளில் மேல்தளம்தான் உயிர். மேலே ஏற முடியாவிட்டால் அது ழுபே ஆகாது, வெறும் தடுப்பு.

பெயர் பிறந்தது அந்தத் தளத்தில் நிகழ்ந்த வழிபாட்டிலிருந்து. வாசகத்தையோ நற்செய்தியையோ வாசிக்கப்போகிறவர் முதலில் குருவிடம் ஆசி கேட்பார்: 'யூபே, தோம்னே, பெனெதிச்செரே'. 'ஐயா, ஆசி வழங்கப் பணித்தருளும்' என்பது இந்த லத்தீன் மன்றாட்டின் பொருள். 'யூபே' என்பது 'கட்டளையிடு' என்னும் ஏவல் வினை. 'தோமினே' என்று முழுதாகச் சொன்னால் கடவுளை விளிப்பதாகும். மனிதரை விளிக்க 'தோம்னே' என்று குறுக்கிக்கொண்டார்கள். வாசகர் மேலே நின்று எடுத்த எடுப்பில் சொன்ன சொல், நின்ற இடத்துக்கே பெயராக ஒட்டிக்கொண்டது. பிரெஞ்சில் கடைசி உயிருக்கு அழுத்தம் வந்து 'ழுபே' ஆயிற்று. மன்றாட்டு வழக்கொழியவில்லை, லத்தீன் திருப்பலியில் நற்செய்திக்கு முன் திருத்தொண்டர் இன்றும் அதே சொற்களைத்தான் சொல்கிறார்.

பிற மொழிகள் இதே பொருளை வேறு கண்ணால் பார்த்தன. ஜெர்மானியர் 'லெட்னர்' என்றார்கள். வாசிப்பிடத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் வழி வந்தது. ஆங்கிலேயர் உச்சியிலிருந்த சிலுவையை வைத்துச் 'சிலுவைத் திரை' என்று பொருள்படப் பெயரிட்டார்கள். தமிழில் 'திரை' நுழைவது பெரும்பாலும் இந்த ஆங்கில வழியில்தான்.

பாரிஸ் நகரில் மிஞ்சியிருக்கும் ழுபே ஒன்றே ஒன்று. பாந்தியோன் நினைவு மண்டபத்துக்குப் பின்புறம் இருக்கும் சேந்த் எத்தியேன் துய் மோன் பங்குக் கோயிலில் உள்ளது. முன்பு அங்கிருந்த சேந்த் ஜெனவியேவ் மடத்தை ஒட்டி வளர்ந்த பங்கு அது. இன்றைய கோயிலின் கட்டுமானம் 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கியது; கோயில் வழிபாட்டுக்கென அர்ச்சிக்கப்பட்டது 1626-இல்தான். ழுபே 1530-ஐ ஒட்டிய வேலை. வழக்கமான மூன்று வளைவு இங்கே இல்லை. பீடப்பகுதியின் அகலம் முழுவதையும் தாண்டும் ஒரே தாழ்ந்த வளைவு. கூடையின் கைப்பிடி போலத் தட்டையாக வளைவதால் பிரெஞ்சுக்காரர் இதைக் 'கூடைப்பிடி வளைவு' என்பார்கள். இரு முனைகளிலும் தூண்களைச் சுற்றிக்கொண்டு சுருள்படிகள் ஏறுகின்றன. அவற்றின் கைப்பிடிச் சுவர் கல்லில் பின்னிய சல்லடை. கோயிலின் எலும்புக்கூடு கோதிக் பாணி, ழுபேயின் அலங்காரம் மறுமலர்ச்சிப் பாணி. இரண்டும் முட்டிக்கொள்ளாமல் நிற்பது சிற்பிகளின் கெட்டிக்காரத்தனம்.

பிரான்சின் துருவா நகரில், சேந்த் மதலேன் கோயிலில் இன்னொன்று. 1508 முதல் 1517 வரை ழான் கைல்த் கட்டியது. மூன்று வளைவுகள் உண்டு, ஆனால் அவற்றுக்கு நடுவே தூண் கிடையாது. வளைவுகள் சந்திக்கும் இடங்களில் கல் குஞ்சங்கள் அந்தரத்தில் தொங்குவதுபோல் இருக்கும். பாரம் முழுவதையும் இரு ஓரத்துப் பெருந்தூண்கள் வாங்கிக்கொள்கின்றன. கைல்த்தை அதன் அடியிலேயே புதைத்தார்கள். நசுங்கிவிடுவோம் என்ற பயமின்றி உயிர்ப்புக்காகக் காத்திருப்பதாக அவருடைய கல்லறை வாசகம் சொன்னதாம். கட்டியவருக்கு அந்த நம்பிக்கை இருந்தால் சரி.

மற்றவை எங்கே போயின? கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரிதெந்து பொதுச்சங்கம் (1545–1563) ழுபேக்களை இடிக்க ஆணையிட்டது என்று எழுதுவது பரவலான பிழை. அப்படி ஓர் ஆணை இல்லை. சங்கத்துக்குப் பிறகு, மக்கள் பீடத்தைக் கண்ணால் காண வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. பிரசங்க மேடை நடுக்கூடத்துக்கு வந்துவிட்டதால் மேல்தளத்துக்கும் வேலை குறைந்தது. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் பங்குகளும் பேராலயங்களும் தாமாகவே இடித்தன. சார்த்ர் பேராலயத்தின் 13-ஆம் நூற்றாண்டு ழுபே 1763-இல் போயிற்று. இடிப்பைக் கண்டு கொதித்த ழான் பப்திஸ்து தியேர் என்ற குரு, 1688-இலேயே இடிப்பவர்களை 'மேடை உடைப்பாளர்கள்' என்று பொருள்படும் சொல்லால் ஏசினார். பாரிஸில் லூவ்ர் அரண்மனைக்கு எதிரே இருக்கும் சேந்த் ஜெர்மேன் லொக்செருவா பங்குக் கோயிலின் ழுபேயும் 18-ஆம் நூற்றாண்டில் இடிபட்டது; அதற்காக ழான் கூழோன் செதுக்கிய புடைப்புச் சிற்பங்கள் இப்போது லூவ்ர் அருங்காட்சியகத்தில். பாரிஸின் நோத்ர் தாம் பேராலயத்தின் ழுபே இடிபட்டுத் தரைக்கடியில் போயிருந்தது. 2019 தீவிபத்துக்குப் பிந்தைய அகழாய்வில், 2022-இல், வண்ணம் அழியாத சிற்பத் துண்டுகளாக வெளிவந்தது. சேந்த் எத்தியேன் ழுபே பிழைத்ததற்கு அதன் ஒற்றை வளைவும் காரணம் என்றே தோன்றுகிறது: பார்வையை மறைக்காததை இடிக்க என்ன அவசரம்?

இனி தமிழ்ச் சொல். 'கிராதி' ஒத்துவராது, நம் கோயில்களில் நற்கருணை வாங்க முழந்தாளிட்ட இடுப்புயரத் தடுப்பு அது. 'வாசக மேடை' பொருளால் மிக நெருங்குகிறது. ஆனால் பீடத்தருகே இன்று வாசகர் நிற்கும் சிறு மேடைக்கு அது வழங்கிவிட்டது. ழுபேக்கும் அதையே போட்டால் வாசிப்பவர் குழம்புவார். 'திரை' மட்டும் போட்டால் இயேசு இறந்தபோது எருசலேம் ஆலயத்தில் கிழிந்த திரைச்சீலை நினைவுக்கு வரும். மேல்தளத்தைக் குறிக்க 'மாடம்' உண்டு. ஆகவே முதல்முறை 'வாசகத் திரைமாடம்' என்று முழுதாக எழுதி, பிறகு 'திரைமாடம்' என்று சுருக்கலாம். வாசிப்பு, பிரிப்பு, ஏறி நிற்கும் தளம் மூன்றும் அதில் அடங்கும்.

ஒலிபெயர்ப்பதானால் 'ழுபே' என்றே எழுதலாம். பிரெஞ்சு 'ழான்', 'ழாக்' பெயர்களுக்கு ழகரம் ஏற்கெனவே பழகிவிட்டது. 'ஜூப்' என்று கடைசி உயிரை விழுங்கக் கூடாது. பிரெஞ்சில் அது பாவாடை. கனடாவின் கெபெக் பிரெஞ்சில் எழுதிய பங்கு வரலாறு என்றால் இன்னும் கவனம் வேண்டும். அங்கே ழுபே என்பது கோயிலின் மேல்மாடம், குறிப்பாக வாசல் பக்கம் ஆர்கனும் பாடகர் குழுவும் இருக்கும் மாடம். அதைத் 'திரைமாடம்' என்று பெயர்த்தால் பீடத்துக்கு முன்னால் இல்லாத சுவர் ஒன்று முளைத்துவிடும்.